எக்செல் கோப்பை வலைப்பக்கமாக்கும் செய்முறை வினா: இரண்டு முறை எழுதியவனின் அனுபவம்

கணினிப் பட்டயப் படிப்பின் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த வினா பார்வைக்கு மிகவும் எளியது. ஒரு வாரத்து மாங்காய் வரவு, அன்றாட விலை, வகைவாரி மொத்தம் என்று மூன்று தாள்கள் கொண்ட எக்செல் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதில் ஒரு வரைபடமும் சேர்த்து, முழுவதையும் வலைப்பக்கமாக வெளியிட்டுத் தேர்வாளருக்குப் பதிவேற்ற வேண்டும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், முதலமடை மாந்தோப்புகளுக்குப் பக்கத்தில், கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்தவனுக்கு மாங்காய்க் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் முடித்து, என் திரையில் பக்கம் அழகாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு, கோப்பைப் பதிவேற்றி எழுந்துவிட்டேன். தேர்வாளரின் கணினியிலோ வெறும் வெள்ளைத் திரையும் கோப்பைக் காணவில்லை என்ற அறிவிப்பும்தான் இருந்தன. அந்த வினாவுக்கு எனக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் எழுதினேன்.

இடைப்பட்ட காலத்தில் இந்த ஒரு வினாவை மட்டும் பலவிதமாகக் கெடுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே: பக்கம் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் அதற்குத் தேவையான ஏதோ ஒன்று நம் கணினியிலேயே தங்கிவிடும். அது கோப்புறையாக இருக்கலாம், எழுத்துருவாக இருக்கலாம், டி டிரைவின் முகவரியாகவோ நம்முடைய கூகுள் கணக்காகவோ இருக்கலாம்.

முதலில் என்னைக் கவிழ்த்த கோப்புறையைச் சொல்கிறேன். முழுக் கோப்பையும் 'சேவ் ஆஸ்' சென்று 'வெப் பேஜ்' வகையில் சேமித்தால், எக்செல் எச்டிஎம் என்ற வலைப்பக்கக் கோப்பு ஒன்றை மட்டும் உருவாக்குவதில்லை. அதே பெயரோடு 'ஃபைல்ஸ்' என்ற பின்னொட்டு சேர்ந்த கோப்புறை ஒன்றையும் பக்கத்தில் உருவாக்கி, ஒவ்வொரு தாளையும் தனித்தனி எச்டிஎம் கோப்பாகவும், வரைபடத்தைப் படக் கோப்பாகவும், கீழே தெரியும் தாள் பெயர்ப் பட்டையை இன்னொரு கோப்பாகவும் அதற்குள் வைக்கிறது. வெளியே இருக்கும் எச்டிஎம் கோப்பு வெறும் சட்டகம்தான். அதில் நம் கணக்கு எதுவும் இல்லை. பயிற்சி நிலையத்தில் இது எனக்குத் தெரியாமல் போனதற்கு விண்டோஸின் உபகாரமே காரணம். எச்டிஎம் கோப்பை நகலெடுத்தால் அந்தக் கோப்புறையையும் விண்டோஸ் தானாகவே கூட்டிச் செல்லும். ஒன்றை அழித்தால் மற்றதையும் அழிக்கும். எனவே பென் டிரைவில் போட்டு எங்கே கொண்டுபோனாலும் பக்கம் திறந்தது. உலாவி வழியாகப் பதிவேற்றும்போதும், மின்னஞ்சலில் இணைக்கும்போதும், லினக்ஸ் கணினியில் நகலெடுக்கும்போதும் அந்த உபகாரம் கிடையாது. தொட்ட கோப்பு மட்டுமே போகும்.

கோப்புறையின் பெயரை மாற்றினாலும் இதே வெள்ளைத் திரைதான் வரும். பெயர் பிடிக்கவில்லை என்றால் எக்செல்லுக்குத் திரும்பிச் சென்று புதிய பெயரில் மறுபடி சேமியுங்கள். வெளியில் இருந்து மாற்றாதீர்கள். இரண்டையும் ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்புவது நல்ல வழிதான், ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது. பெறுபவர் ஜிப்பைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் எச்டிஎம் கோப்பை அப்படியே இருமுறை சொடுக்கினால், விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிக இடத்துக்கு எடுத்துத் திறக்கும். கோப்புறை ஜிப்புக்குள்ளேயே கிடக்கும். ஆகவே விடைத்தாளில் 'முதலில் பிரித்துவிட்டுத் திறக்கவும்' என்று ஒரு வரி எழுதிவிடுவது மேல்.

வினாவில் 'முழுக் கோப்பையும்' என்று சொல்லாவிட்டால், 'பப்ளிஷ்' பொத்தானை அழுத்தி, தேவையான தாளையோ குறிப்பிட்ட செல் வரம்பையோ மட்டும் தேர்ந்தெடுங்கள். படமும் வரைபடமும் இல்லாத ஒற்றைத் தாள் பெரும்பாலும் தன்னிறைவான ஒரே பக்கமாக வந்துவிடும். 'சிங்கிள் ஃபைல் வெப் பேஜ்' என்ற எம்எச்டி வகையும் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கும்; ஆனால் பயர்பாக்ஸ் அதைத் தானாகத் திறக்காது என்பதால், தேர்வு மையத்தில் எந்த உலாவி இருக்கிறது என்று தெரியாத நிலையில் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. 'பப்ளிஷ்' செய்யும்போது அதே பெயரில் பழைய பக்கம் இருந்து, பழையதை நீக்கிவிட்டு எழுதவா அல்லது அதனோடு சேர்க்கவா என்று எக்செல் கேட்டால், அவசரத்தில் 'சேர்' என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் செய்து, ஒரே விலைப்பட்டியல் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று முறை நின்ற பக்கத்தை நான் மாதிரித் தேர்வில் சமர்ப்பித்திருக்கிறேன்.

அடுத்தது எழுத்து. எல்லைப் பகுதி மாணவர்களுக்கு இது இரட்டைத் தலைவலி, ஏனென்றால் எங்கள் பட்டியல்களில் ஒரு பத்தி (நெடுவரிசை) தமிழிலும் அடுத்த பத்தி மலையாளத்திலும் இருப்பது வழக்கம். தமிழ்நாடு அரசு 2010-இல், எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும், டிடிபி நிலையங்களிலிருந்து வாங்கிவரும் கோப்புகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இருக்கத்தான் செய்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது உண்மையில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் தமிழாகத் தெரியும். நிறுவப்படாத கணினியில் அந்த ஆங்கிலக் கூளம் அப்படியே தெரியும். செல்களைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை 'லதா' என்றோ 'நிர்மலா' என்றோ மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆகாது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள் என்பதால், எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாக யூனிகோடுக்கு மாற்றிய பிறகே வெளியிட வேண்டும். தேர்வில் நீங்களே தட்டச்சு செய்யும்போது, விசைப்பலகை யூனிகோட் முறையில் இருக்கிறதா என்று முதல் செல்லிலேயே சோதியுங்கள்: தட்டச்சு செய்த சொல்லின் எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள், அப்போதும் தமிழாகவே நின்றால் அது யூனிகோட்.

யூனிகோடில் எழுதிய பக்கமும் சில நேரம் குழம்பும். சேமிக்கும் பெட்டியில் 'டூல்ஸ்' பட்டியலில் 'வெப் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'என்கோடிங்' பகுதியில், யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுவது பாதுகாப்பு. அதைச் செய்யாமல் விட்டு, பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்க்கும்போது 'க' இருக்க வேண்டிய இடத்தில் 2965 என்ற எண் குறியீடு இருந்தால் பதற வேண்டாம். அது 'க'வின் யூனிகோட் எண்தான், உலாவி அதைச் சரியாகவே காட்டும். கெடுவது பிறகுதான்: தலைப்பைத் திருத்துவதற்காக நோட்பேடில் திறந்து, வேறு குறியாக்கத்தில் சேமித்துவிடுகிறோம். யுடிஎஃப்-8 பக்கத்தை ஆன்சி என்ற பழைய குறியாக்கத்தில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், அதை மீட்க வழியில்லை. மாறாக, யுடிஎஃப்-8 பக்கத்தை உலாவி மேற்கத்தியக் குறியாக்கமாகப் படித்தால், தலையில் கோடிட்ட ஆங்கிலச் சிறிய 'ஏ' எழுத்து வரிசை வரிசையாக வரும். இது மீட்கக்கூடிய நோய், குறியாக்க அறிவிப்பைத் திருத்தினால் போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த 'ஏ'யை அடுத்து வட்டத்துக்குள் ஆர் எழுத்துள்ள குறியோ மேற்கோடோ வந்துகொண்டிருந்தால் கெட்டுப்போனது தமிழ். சாய்ந்த ஒற்றைக் கீற்றோ மியூ குறியோ வந்துகொண்டிருந்தால் அது மலையாளம். குப்பையைப் பார்த்தே எந்தப் பத்தி எந்த மொழி என்று சொல்லும் அளவுக்கு நான் தேறிவிட்டேன்.

கேரளத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் என்ற கேரள அரசின் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியில், எங்கள் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே பழக்கம். தமிழ் வழியில் படித்த நானும் லிப்ரே ஆஃபிஸ் கால்க் வழியாகத்தான் விரிதாளைக் கற்றேன். கால்க் ஒரு கோப்பை எச்டிஎம்எல் ஆக்கும்போது எல்லாத் தாள்களையும் ஒரே நீண்ட பக்கத்தில் அடுத்தடுத்து வைத்து, மேலே தாள் பெயர்களை இணைப்புகளாகத் தருகிறது; வரைபடத்துக்கான படக் கோப்பைத் தனிக் கோப்புறையில் அல்லாமல் அருகிலேயே போடுகிறது. எக்செல்லில் இருப்பதுபோல் கீழே பட்டை வரவில்லையே என்று தேர்வில் திகைத்து, மூன்று முறை மறுபடி சேமித்த தோழர் ஒருவரை அறிவேன். அது பிழையன்று, இரண்டு மென்பொருள்களின் வழக்கம் வேறு.

தோற்றம் சார்ந்த பிழைகளில் முதன்மையானது, எண்ணுக்குப் பதிலாகப் பக்கத்தில் நிற்கும் கட்டக்குறி (####) வரிசை. எக்செல்லில் பத்தியின் அகலம் போதாதபோது வரும் அதே குறிகள் வலைப்பக்கத்திலும் பதிந்துவிடும். அங்கே பத்தியை இழுத்து அகலமாக்கப் படிப்பவரால் முடியாது. வெளியிடும் முன் எல்லாப் பத்திகளையும் தேர்ந்தெடுத்து, எல்லைக்கோட்டை இருமுறை சொடுக்கிவிடுங்கள். மறைத்து வைத்த பத்திகள் குறித்தும் எச்சரிக்கை தேவை. அவை பக்கத்தில் தெரியாவிட்டாலும், காட்டாதே என்ற கட்டளையோடு மூல நிரலுக்குள் இருக்கும். விவசாயிகளின் தொலைபேசி எண்கள் கொண்ட பத்தியை மறைத்துவிட்டு வெளியிடுவது, பெட்டியைப் பூட்டிச் சாவியை அதன்மேலேயே வைப்பதற்கு ஒப்பானது. நகல் ஒன்றில் அந்தப் பத்தியை நீக்கிவிட்டு வெளியிடுங்கள்.

எழுத்துத் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பாடநூல்களில், வலைப்பக்கத்திலேயே எண்ணை மாற்றிக் கணக்கிடலாம் என்று 'இன்டராக்டிவிட்டி' வசதி பற்றிப் படித்திருப்பீர்கள். அது எக்செல் 2003 வரை இருந்து, 2007-இல் நீக்கப்பட்டது. இப்போது வெளியிடும் பக்கத்தில் சூத்திரங்கள் இல்லை, அவற்றின் விடைகள் மட்டுமே உள்ளன. அதே 2007 முதல், வலைப்பக்கத்தை மீண்டும் எக்செல்லில் திறந்து பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்ற நம்பிக்கையும் வீண். மூலக் கோப்பை எக்செல் வடிவிலேயே தனியாக வைத்திருங்கள்.

கூகுள் ஷீட்ஸில் வினா வந்தால் குழப்பம் வேறு வகையானது. முகவரிப் பட்டையில் உள்ள இணைப்பை நகலெடுத்துக் கொடுப்பது வெளியிடுவது ஆகாது. அது தேர்வாளரிடம் அனுமதி கேட்கச் சொல்லி நிற்கும். 'ஃபைல்' பட்டியலில் 'ஷேர்' என்பதன்கீழ் 'பப்ளிஷ் டு வெப்' என்பதைத் திறந்து, அங்கே கிடைக்கும் இணைப்பையே தர வேண்டும். கைப்பேசிச் செயலியில் இந்த வசதியைத் தேடிக் காலத்தை வீணாக்காதீர்கள், கணினியில் செய்யுங்கள். கல்லூரிக் கணக்கில் அந்தக் கட்டளை இயங்காவிட்டால், நிர்வாகி அதைத் தடுத்திருக்கலாம். தாளில் திருத்திய எண் வெளியான பக்கத்தில் உடனே மாறாது. சுமார் 5 நிமிடம் பிடிக்கலாம். அதற்குள் பதறிப்போய் வெளியீட்டை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவதால் பயன் எதுவும் இல்லை.

இரண்டாம் முறை தேர்வுக்குப் போகும் முன் எங்கள் மாஷ் (ஆசிரியர்) சொன்னார்: "உன் மெஷின்ல தெரியறதை எங்கிட்ட காட்டாதே தம்பி. எம் மெஷின்ல தெரியுதான்னு சொல்லு." தேர்வு அறையில் இன்னொரு கணினி கிடைக்காது என்பதால், அதற்கு ஈடாக ஒரு வழியைப் பழகிக்கொண்டேன். ஜிப் கோப்பை வேறொரு கோப்புறையில் பிரித்து, மூலக் கோப்புறையின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு, வேறொரு உலாவியில் திறப்பேன். மூலத்தை ஒளித்த பிறகும் பக்கம் முழுமையாகத் தெரிந்தால், அது தன் காலில் நிற்கிறது என்று பொருள். இதற்கு 5 நிமிடம் போதும். அந்த 5 நிமிடத்தை முதலிலேயே ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் மற்ற வேலைகளுக்கு நேரம் பிரித்தேன்.

அன்று அந்தச் சோதனையில் ஒரு பிழை அகப்பட்டது. மூன்றாம் தாளிலிருந்து விலைத் தாளுக்கு நான் கொடுத்திருந்த இணைப்பு, டி டிரைவில் இருந்த மூலக் கோப்பைக் குறித்து நின்றது. அதை அதே கோப்பில் உள்ள இடத்துக்கான இணைப்பாக மாற்றி, மறுபடி வெளியிட்டு, மறுபடி ஜிப்பாக்கிப் பதிவேற்றினேன். தேர்வாளர் தம் கணினியில் பிரித்துத் திறந்து, கீழ்ப்பட்டையில் மூன்று தாள்களையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தார். செந்தூர வகை மாங்காயின் மொத்தத்தை மட்டும் கால்குலேட்டரில் ஒருமுறை கூட்டிச் சரிபார்த்துவிட்டு, அடுத்த மாணவரின் எண்ணை அழைத்தார்.