மார்பில் கதிர்வீச்சு வாங்கியவரா? அந்த வயதும் அளவும் தெரிந்திருக்கட்டும்

"ஏம்மா, கரண்ட் வைத்தால் அதனாலேயே அடுத்த மார்பிலும் வருமாமே, வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடித்துவிட்டு, கதிர்வீச்சுக்குத் தேதி வாங்கியிருக்கும் தெரிந்த அக்கா ஒருவர் இப்படிக் கேட்டார். அவருக்கு வயது 58. நான் இருபதுகளின் தொடக்கத்தில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காக மார்பில் கதிர்வீச்சு வாங்கியவள். அதே கேள்விதான், ஆனால் அவருக்கு ஒரு பதில், எனக்கு வேறு பதில். இதைப் பிரித்துச் சொல்ல ஆளில்லாமல் ஒரு பக்கம் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், இன்னொரு பக்கம் பயப்பட வேண்டியவர்கள் எதுவும் தெரியாமலே இருக்கிறார்கள்.

முதலில் அந்த அக்காவுக்கு. ஒரு மார்புக்குக் கதிர் கொடுக்கும்போது சிதறல் கொஞ்சம் மறு மார்புக்கும் போகத்தான் செய்கிறது. ஆனால் 45 வயதுக்கு மேல் சிகிச்சை பெற்றவர்களிடம் இதனால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை என்று 1992லேயே பெரிய ஆய்வு ஒன்று சொல்லிவிட்டது. மறு மார்பில் வருகிற புற்றுநோய்களில் கதிர்வீச்சின் பங்கு 3 சதவீதத்துக்கும் குறைவு என்பது அதே ஆய்வின் கணக்கு. மற்றதெல்லாம் முதல் கட்டி எதனால் வந்ததோ அதே காரணங்கள்தான்: மரபணு, குடும்ப வரலாறு, ஹார்மோன், உடல் எடை, மது. மறுபுறம், மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தவர்கள் கதிர்வீச்சும் எடுத்துக்கொண்டால் பத்து வருடத்துக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு 35 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாகக் குறைகிறது. இவ்வளவு பெரிய பலனை அவ்வளவு சின்ன ஆபத்துக்குப் பயந்து விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து, அவரிடமும் அப்படியே சொன்னேன். 40 வயதுக்குள் இருப்பவர்கள் மட்டும் மறு மார்புக்குப் போகும் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் அந்த வயதில் மறு மார்பின் ஒரு பகுதிக்கு ஒரு கிரேக்கு (கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் அலகு) மேல் போனவர்களுக்கு ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு இருந்தது.

சரி, இப்போது என் போன்றவர்களுக்கு வருகிறேன். பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் மார்பில் கதிர் வாங்கியவர்கள்தான் உண்மையில் கவனமாக இருக்க வேண்டியவர்கள். மார்பகத் திசு அப்போதுதான் வளர்ந்துகொண்டும் பிரிந்துகொண்டும் இருக்கிறது, அந்தச் சமயத்தில் மரபணுவில் விழும் அடி பல வருடம் கழித்து வெளியே வருகிறது. அளவும் சேர்ந்து பேசுகிறது: ஹாட்ஜ்கினுக்குச் சிகிச்சை பெற்ற இளம்பெண்களை ஆராய்ந்ததில் மார்பகத்துக்கு 4 கிரே அல்லது அதற்கு மேல் போனவர்களுக்கு ஆபத்து மூன்று மடங்குக்குச் சற்று மேல், 40 கிரேக்கு மேல் என்றால் எட்டு மடங்கு. சிறுவயதில் மார்புக் கதிர்வீச்சு பெற்ற பெண்களில் 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 30 சதவீதம் என்று இன்னொரு ஆய்வு சொல்கிறது. மார்பகப் புற்றுநோய் ஆபத்தைப் பெரிதும் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணு மாற்றத்தோடு பிறந்த பெண்களின் நிலை கிட்டத்தட்ட இதுதான்.

எவ்வளவு இடத்தில் பட்டது என்பதும் முக்கியம். என் சிகிச்சைத் தாளில் 'மேன்டில்' என்று எழுதி ஒரு உடல் படம் வரைந்திருக்கும். தாடைக்குக் கீழே தொடங்கி, இரண்டு அக்குளையும் வளைத்துக்கொண்டு நெஞ்சின் அடிவரை ஒரு கோடு, நுரையீரல்களுக்கு மட்டும் மறைப்பு. அக்குளை ஒட்டிய மேல் மார்பு முழுக்க அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறது. நுரையீரல் முழுவதற்கும் கதிர் வாங்கிய குழந்தைகளுக்கு அளவு இதைவிட மிகக் குறைவு, ஆனால் மார்பகம் முழுவதும் அதில் அகப்படுவதால் அவர்களுக்கும் ஆபத்து கணிசமாகவே இருக்கிறது. இப்போது நோய் இருந்த இடத்துக்கு மட்டும், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். அதனால் பழைய எண்களை இன்று சிகிச்சை பெறும் பிள்ளைகள் மேல் அப்படியே போடக்கூடாது.

ஆபத்தைக் குறைக்கும் விஷயமும் ஒன்று உண்டு. சில கீமோ மருந்துகளாலோ கதிராலோ சினைப்பை சீக்கிரம் ஓய்ந்துபோனவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாக வருகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால்தான். அப்படி மாதவிடாய் முன்கூட்டியே நின்றவர்கள் ஹார்மோன் மாத்திரை தொடங்கும் முன் இந்தப் பழைய கதையை மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். புற்றுநோய் வராமல் காக்கும் டிபி53 என்ற மரபணுவில் பிறவி மாற்றம் உள்ளவர்கள் தனி. அவர்களுக்கு முடிந்தவரை கதிர்வீச்சையே தவிர்க்கப் பார்ப்பார்கள், அதனால் இளவயதில் மார்பகப் புற்றுநோய் வந்தால் மரபணுப் பரிசோதனையைக் கதிர்வீச்சுக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

இந்த ஆபத்து சிகிச்சை முடிந்து எட்டு, பத்து வருடத்தில் தலைகாட்டத் தொடங்கி, இருபத்தைந்து வருடம் கடந்தும் நீடிக்கிறது. அதாவது புற்றுநோய் மருத்துவர் "இனி வர வேண்டாம்" என்று அனுப்பிவைத்த பிறகு. மார்பில் 10 கிரே அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களுக்கு 25 வயதிலிருந்தோ, சிகிச்சை முடிந்து எட்டு வருடம் ஆனதிலிருந்தோ, இரண்டில் எது பிந்தியதோ அப்போதிலிருந்து வருடாவருடம் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டும் வேண்டும். இளவயதில் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் தப்புவது எம்ஆர்ஐயில் மாட்டும், சின்னச் சின்னச் சுண்ணாம்புப் புள்ளிகள் மேமோகிராமில்தான் தெரியும்.

என்னை ஒரு ஸ்கேன் சென்டரில் "40 ஆகட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். கோபமாக வந்தது, ஆனால் அங்கே இருந்தவருக்கு என் பழைய சிகிச்சை பற்றி ஒரு வரிகூடத் தெரியாது. சிகிச்சைத் தாளை எடுத்துக் காட்டியதும் பேச்சே மாறிவிட்டது. எந்த வயதில், எந்த இடத்தில், மொத்தம் எத்தனை கிரே, கூட என்ன கீமோ: இந்த நான்கும் இருக்கும் சுருக்கத்தைச் சிகிச்சை பெற்ற இடத்தில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். பழைய கோப்புகளைப் பல இடங்களில் சில வருடத்தில் அழித்துவிடுகிறார்கள், தள்ளிப்போட வேண்டாம். வாங்கியதும் போனில் ஒரு படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

கடைசியாக ஒன்று, அரிதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கதிர் பட்ட மார்பின் தோலில் அடிபடாமலே கன்றிப்போனது மாதிரி ஊதா நிறத் திட்டோ சிறு தடிப்போ வந்து மறையாமல் இருந்தால் அது ரத்தக் குழாயில் வரும் ஆஞ்சியோசர்கோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். மேமோகிராமில் அது தெரியாமல் போகலாம். களிம்பு தடவிக் காத்திருக்காமல், கதிர் வாங்கிய இடம் இது என்று சொல்லிக் காட்டி, பயாப்சி எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.