ஆறு மணி பஞ்ச்

காலை 5.50. சென்னைப் பக்கம், தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம் சிக்னல். பச்சை விழுந்தும் பக்கத்து பைக் நகரவில்லை.

இரண்டு காலையும் ஊன்றியபடி தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தது. ஹெல்மெட் டேங்க் மேல்.

"ஓரமா நிறுத்தி ஒரு டீ குடிச்சிட்டுப் போப்பா."

"ஆறு மணி பஞ்ச்ணா."

முறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

கோபம் வரவில்லை. நானும் அப்படிப் போனவன்தான். கம்பெனியில் வருகையைப் பதிகிற பஞ்ச் ஐந்து நிமிடம் லேட்டானால் அரை நாள் சம்பளம் போச்சு. அப்புறம் அட்டெண்டன்ஸ் போனஸும் காலி. முந்தின இரவு ஓ.டி. என்று பத்து மணி வரை நிறுத்தி வைத்த அதே ஆள்தான் காலையில் கேட்டில் நின்று கடிகாரத்தைக் காட்டுவார். பெர்மனென்ட் ஆட்களுக்கு பஸ் உண்டு. காண்ட்ராக்ட் என்றால் சொந்த பைக், சொந்த பெட்ரோல்.

அந்த ஐந்து நிமிடத்தை வேறு எங்கே பிடிப்பது? ராங் சைடில் புகுந்து ஒரு யூ-டர்னை மிச்சம் பண்ணுவோம். எதிரே டிப்பர் வரும்.

வேலைக்குப் போகிற வழியில் அடிபட்டாலும், வேலையோடு தொடர்பு இருந்தால் அது பணிக்காயம்தான் என்று இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தில் 2010-லேயே சேர்த்துவிட்டார்கள். எங்கள் எச்.ஆரோ, "கேட்டுக்கு வெளியே நடந்ததுக்கு நாங்க என்ன பண்றது?" என்பார்.

அந்த கேட்டுக்கு உள்ளே பெரிய போர்டு ஒன்று உண்டு. 'விபத்தில்லா நாட்கள்'. நான் இருந்தவரை, ரோட்டில் விழுந்தவர்களுக்காக அந்த எண்ணை யாரும் அழித்ததில்லை.