ஃபெக்ட் ஆற்றங்கரை மாளிகை: 1836-ஆம் ஆண்டுக் கல்லச்சுப் படத்தை நிலவரைபடத்தோடு சேர்த்துப் படித்தல்

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரிலிருந்து வடக்கே மாய்டன் வரை ஓடுகிறது ஃபெக்ட் ஆறு. அதன் கரைகளில் ஆம்ஸ்டர்டாம் செல்வந்தர்கள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கோடை மாளிகைகள் கட்டினார்கள். பி. யே. லுட்கெர்ஸ் என்ற டச்சு ஓவியர் அவற்றை வரைந்து 1836-இல் கல்லச்சுத் தொகுப்பாக (கல்லின்மேல் வரைந்து அச்சிடும் லித்தோகிராஃப்) வெளியிட்டார். அப்படிப்பட்ட ஒரு தாளில் எது கண்டது கண்டபடி, எது அழகுக்காகச் சேர்த்தது என்று பிரிப்பதுதான் இங்கே வேலை. செய்து பார்த்ததில் தெளிவாவது இதுதான்: பொருள்களின் இட வல வரிசையைப் பெரும்பாலும் நம்பலாம்; அளவை மட்டும் அளக்காமல் நம்பக் கூடாது.

முதலில் 10 மடங்கு லென்ஸில் தாளைப் பாருங்கள். கல்லச்சில் நிழல், கிரேயான் தேய்த்தது போலப் பொடிப்பொடியான புள்ளிகளாகத் தெரியும். செப்புத்தகட்டுப் படத்தில் தகடு காகிதத்தில் அழுந்திப் பதிந்த விளிம்பு இருக்கும்; இதில் அது இருக்காது. படத்தின் கீழே பெயருக்குப் பின்னால் ‘டெல்.’ என்று இருந்தால் அவர் வரைந்தவர், ‘லித்.’ என்று இருந்தால் கல்லில் ஏற்றியவர். இரண்டும் வேறு வேறு ஆளாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. இடத்தைப் பார்க்காதவர் கை பட்டிருக்கலாம். ஓரம் வெட்டிய ஸ்கேன் வேண்டாம், முழுத்தாள் ஸ்கேன்தான் அளவுக்கு உதவும்.

அடுத்தது வரைபடம். நெதர்லாந்தின் நிலப்பதிவு (ஒவ்வொரு மனையையும் அளந்து பதியும் அரசு ஏற்பாடு) 1832-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் மூல வரைபடங்கள் ஊர்ப்புறங்களுக்குப் பெரும்பாலும் 1:2500 அளவில் இருக்கும், அதாவது 1 செ.மீ. என்பது 25 மீட்டர். படத்துக்கும் இதற்கும் நான்கே ஆண்டு இடைவெளி என்பது பெரிய வசதி. கூடவே உள்ள பதிவேட்டில் மனை எண்ணைத் தேடினால் உரிமையாளர், பயன்பாடு, பரப்பு மூன்றும் கிடைக்கும். பரப்பு பண்டர், ரூட, எல் என்று எழுதியிருக்கும்: 1 பண்டர் 10,000 சதுர மீட்டர், 1 ரூட 100 சதுர மீட்டர், 1 எல் 1 சதுர மீட்டர். வரைபடத்தின் மேல்பக்கம் எப்போதும் வடக்கு இல்லை; அம்புக்குறியைப் பார்த்துத் திருப்பி வைக்காவிட்டால் பின்னால் எல்லாமே குழம்பும்.

இனி ஓவியர் நின்ற இடம். எங்களுக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஒன்றை ஒன்று தொட்டு மறைக்கும் இடங்களைத் தேடுங்கள்: மாளிகையின் மூலை குதிரை லாயத்தின் கூரை முனையோடு ஒட்டுகிறதா, பாலத்தின் முனை ஆற்றோரத் தேநீர் மண்டபத்தை உரசுகிறதா? வரைபடத்தில் அந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்துக் கோட்டை நம் பக்கம் நீட்டினால் ஓவியர் அந்தக் கோட்டின்மேல்தான் எங்கோ இருந்திருக்கிறார். இப்படி இரண்டு கோடுகள் வெட்டும் இடம் அவர் நின்ற இடம். அதைச் சரிபார்க்க ஒரு காகிதப் பட்டையின் விளிம்பில் படத்திலுள்ள ஐந்து பொருள்களின் கிடைமட்ட இடங்களைக் குறியுங்கள். வரைபடத்தில் நின்ற இடத்திலிருந்து அந்த ஐந்துக்கும் கோடு இழுத்து, பட்டையைக் கோடுகளுக்குக் குறுக்கே நகர்த்துங்கள். ஐந்து குறியும் ஐந்து கோட்டில் விழ வேண்டும். மூன்று குறி மட்டும் வைத்தால் எங்கிருந்து வேண்டுமானாலும் பொருந்திவிடும், அது சோதனையே ஆகாது. நான்கு பொருந்தி ஒன்று மட்டும் விலகினால் அந்தப் பொருள் நகர்த்தப்பட்டிருக்கலாம். முதலில் மரங்களைச் சந்தேகியுங்கள்.

ஓவியரின் கண் எந்த உயரத்தில் இருந்தது என்று அறிய அடிவானக் கோடு, அதாவது அவர் கண்மட்டக் கோடு, வேண்டும். மாளிகையின் கூரை விளிம்பையும் அடித்தள விளிம்பையும் நீட்டி, அவை சேரும் புள்ளி வழியாகக் கிடைக்கோடு போடுங்கள். எதிர்க்கரையில் நிற்பவர்களின் தலை அந்தக் கோட்டில் இருந்தால் ஓவியரும் அதே மட்டத்தில் நின்றவர். கோடு அவர்கள் காலடிப் பக்கம் போனால் படகில் உட்கார்ந்திருக்கலாம். முதல்மாடி ஜன்னல் வழியாகப் போனால், தோட்டத்தை விரித்துக் காட்டப் பார்வையைக் கற்பனையில் உயர்த்தியிருக்கிறார்.

பிறகு மனிதர்கள். முகப்பு நேராகத் தெரியும் படத்தை எடுத்துக்கொள்வோம்: வரைபடத்தில் முகப்பு 8 மி.மீ., அதாவது 20 மீட்டர். படத்தில் அதே முகப்பு 80 மி.மீ. என்றால் 1 மி.மீ. 25 செ.மீ. ஆகிறது. வாசற்படியருகே நிற்பவர் 5 மி.மீ. இருந்தால் அவர் உயரம் 1.25 மீட்டர்தான்! வளர்ந்த ஆள் ஏறக்குறைய 7 மி.மீ. இருக்க வேண்டும். ஆளைச் சிறுக்க வைத்தால் வீடு பெருத்துத் தெரியும்.

நீரில் விழும் பிம்பமும் நல்ல சாட்சி. கரையிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியைக் கரையே மறைத்துவிடும். கூரையும் மேல்மாடியும்தான் நீரில் தெரிய வேண்டும். வாசற்படி வரை பிம்பம் தெரிந்தால் அந்த நீர் ஓவியக்கூடத்தில் வரைந்தது. வெளிச்சத்தையும் இதே போலப் பாருங்கள்: மேற்கே பார்த்து வரைந்த படத்தில் வெயில் இடப்பக்கத்துத் தெற்கிலிருந்து வருவது இயல்பு. நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்து விழுந்தால் ஒன்று திசை தவறு, இல்லை வெளிச்சம் கற்பனை. ஆறு வளைந்து வளைந்து போவதால் திசையை ஒவ்வொரு தாளுக்கும் வரைபடத்தில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தோட்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டு மர வரிசை பழைய அமைப்பின் மிச்சம். வளைந்த குளமும் திட்டுத்திட்டான மரக்கூட்டமும் பின்னால் வந்த இயற்கைப் பாணி. யான் டேவிட் ஸோகர் (1791–1870) போன்ற தோட்ட வடிவமைப்பாளர்கள் அதைப் பரவலாக்கினார்கள். இரண்டும் ஒரே படத்தில் இருப்பது சகஜம். படத்தில் வளைந்த குளம் இருந்து 1832 வரைபடத்தில் இல்லையென்றால் உடனே கற்பனை என்று தள்ள வேண்டாம். நிலத்தை அளந்தது 1832-க்குச் சில ஆண்டுகள் முன்பாகவும் இருக்கலாம். கரையோர மரங்கள் மெலிந்த கன்றுகளாக வரையப்பட்டிருந்தால் குளம் அப்போதுதான் வெட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதை உறுதிசெய்ய 1850-க்குப் பின் வந்த 1:50,000 ராணுவ நிலவரைபடத்தில் அதே வளைவைத் தேடுங்கள்.