பால் வண்டியில் போன பிரஷர் மாத்திரை

காங்கேயத்தில் எங்கள் மெடிக்கலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். அரிசி ஆலை, கொப்பரைக் களம், தறி, தோட்டம் என்று வேலை. மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வாங்கிப் போவார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் பஸ் நின்றுபோனது. நாங்கள் திருப்பூர் மாவட்டம், ஆனால் இங்கே பலருக்கு இதய டாக்டர் ஈரோட்டில். ஊரடங்கு அறிவிக்கும் முன்பே முடக்கச் சொன்ன மாவட்டங்களில் ஈரோடும் ஒன்று. நடுவில் மாவட்ட எல்லை, இ-பாஸ்.

மாத்திரை தீரத் தீர ஜனங்கள் அவரவர் கணக்கில் வைத்தியம் பார்த்தார்கள். ஒன்றை இரண்டாக உடைத்துப் போட்டவர்கள் உண்டு. "படபடன்னு வந்தாப் போட்டுக்கலாமுங்க" என்று நிறுத்தி வைத்தவர்களும் உண்டு. பிரஷர் சொல்லிக்கொண்டு வராது என்று கவுன்டரில் நின்று எத்தனை பேருக்குச் சொல்வது? கடைசியில் வழி கண்டுபிடித்தவர் பால் வண்டிக்காரர்தான். காலையில் பாலோடு டாக்டர் சீட்டு வரும். சீட்டில்லாத வீட்டிலிருந்து தீர்ந்துபோன மாத்திரை அட்டை வரும். கவரில் பெயர் எழுதிக் கொடுப்பேன், திரும்பும்போது வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போவார்.

இதற்கு நடுவே வாட்ஸ்அப்பில் ஒரு புரளி. டெல்மிசார்டான், ராமிப்ரில் மாதிரியான பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் கொரோனா சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்று. கிளம்பிய இடம் என்னவோ ஆராய்ச்சிதான். அந்தக் கிருமி உடம்புக்குள் நுழையும் வாசல் ஏசிஇ-2 என்ற புரதம். இந்த மாத்திரைகள் அந்தப் புரதத்தைக் கூட்டுமோ என்று விலங்குச் சோதனைகளை வைத்து ஒரு சந்தேகம் எழுந்தது. பிரேசிலில் இந்த மாத்திரை சாப்பிட்டுவந்து கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் ஒரு பாதிக்கு மாத்திரையை நிறுத்தியும் மறுபாதிக்குத் தொடர்ந்து கொடுத்தும் பார்த்தார்கள். நிறுத்தியதால் ஒரு லாபமும் இல்லை. அந்த முடிவு 2020 செப்டம்பரில் வெளிவந்தது. புரளி ஏப்ரலிலேயே எங்கள் ஊரைச் சுற்றிவிட்டது.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது எனக்குப் பால் வண்டிதான் ஞாபகம் வந்தது. பிரஷர், சுகர் மாத்திரையை அரசாங்கமே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. என் வியாபாரத்துக்கு அது நட்டம்தான், இருக்கட்டும். பெருந்தொற்றிலிருந்து இதய வைத்தியம் கற்றுக்கொண்டதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். ஆஞ்சியோ அறைக்கு வந்து சேர வேண்டிய ஆளை வராமலேயே தடுப்பது தினமும் போடுகிற அந்தச் சின்ன மாத்திரை.

அடுத்தது நெஞ்சுவலி. ஊரடங்கில் அமிலத்துக்கான மாத்திரை, ஈனோ, ஜெலுசில் எல்லாம் அப்படி ஓடியது. "அம்மிணி, நெஞ்சு கரிக்குது, ஒரு கேஸ் மாத்திரை குடு." கொப்பரைக் களத்துக்காரர் ஒருவர் வந்தபோது சட்டை முழுக்க வேர்வை, இடது கை மரத்திருக்கிறது என்றார். "அப்புச்சி, இது கேஸ் இல்லீங்க, மொதல்ல ஈசிஜி எடுங்க" என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போனா டெஸ்ட் எடுத்து வீதிக்கே தகரம் அடிச்சுருவாங்க கண்ணு" என்றார். மகனுக்குப் போன் போட்டு வரவழைத்து அனுப்பி வைத்தோம், பிழைத்துக்கொண்டார். நெஞ்சு வலியைவிடத் தகரத்துக்குப் பயந்த காலம் அது.

எங்கள் ஊரில் மட்டும் இல்லை. இந்திய இதயவியல் சங்கம் 187 ஆஸ்பத்திரிகளின் கணக்கைப் பார்த்தது. 2020 மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மாரடைப்புக்குச் சேர்ந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 35.4 சதவீதம் குறைவு. மாரடைப்பே குறைந்துவிட்டது என்று நான் நம்பமாட்டேன். வீட்டிலேயே சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்கள் அந்தக் கணக்கில் எப்படி வருவார்கள்?

இத்தனைக்கும் வழி நம் பக்கத்திலேயே இருந்தது. கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் அவர் கூட்டாளிகளும் கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே தமிழ்நாட்டில் செய்து காட்டியதுதான். பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியிலேயே ஈசிஜி பார்த்து, உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, அப்புறம் ஆஞ்சியோவுக்கு அனுப்புவது. மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள் என்று 2017-ல் கட்டுரை வந்தது. 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு இரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஒரு கைப்பிடி மாத்திரை, செலவு சொற்பம்.

இரண்டாம் அலை வேறு மாதிரி. 2021 மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. இரத்தம் உறைகிறதா என்று காட்டும் டெஸ்ட் டி-டைமர். அதுவரை அந்தச் சொல்லே தெரியாதவர்கள் ரிப்போர்ட்டோடு வந்து நின்றார்கள். நுரையீரல் நோய் என்றுதான் எல்லோரும் பேசினோம். ஆனால் அந்தக் கிருமி இரத்தக் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கியது, இரத்தம் உறைந்து காலிலும் நுரையீரலிலும் அடைத்தது. இரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசிக்கு வரிசை நின்றது. ஆஸ்பிரினையும் பலர் டாக்டரைக் கேட்காமல் வாங்கிப் போட்டார்கள். கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு அது உயிர் காக்கவில்லை என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு அந்த ஜூனிலேயே சொல்லிவிட்டது.

இரத்தம் உறையாமல் இருக்க எழுதிக்கொடுக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று சீட்டில் போடாத டாக்டர்கள் உண்டு. வீட்டில் கேட்பவரும் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு அந்த வகை மாத்திரையான ரிவரோக்ஸபான் கேட்டு இப்போதும் ஆள் வருவதுண்டு. பல் தேய்த்தால் ரத்தம் வருது என்பார், அதை நான் கேட்டால்தான் சொல்வார். நானாக நிறுத்தச் சொல்ல முடியாது, சிலருக்கு அது உண்மையிலேயே தேவைப்படும். அதனால் ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்து, சீட்டின் பின்புறம் "தொடரணுமா, எத்தனை நாளைக்கு?" என்று எழுதி டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்புகிறேன். சிலர் பதிலோடு வருகிறார்கள். சிலர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.