லேபில் 160, மீட்டரில் 178: எதை நம்புவது?

"வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் தப்பாகக் காட்டுது" என்று வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, இரண்டையும் எப்போது எடுத்தீர்கள் என்பதுதான். காலையில் லேப், வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு மீட்டர் என்றால் அதை ஒப்பிடவே முடியாது. வெறும் வயிற்றில், லேபில் ரத்தம் எடுத்த கையோடு, ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை, கை நரம்பில் எடுப்பதைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

சர்க்கரை மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197:2013-படி, நூறு அளவீடுகளில் குறைந்தது 95 இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும்: டெசிலிட்டருக்கு 100 மி.கி.க்குக் கீழே 15 மி.கி. கூடக் குறைய, 100க்கும் அதற்கு மேலும் 15 சதவீதம் கூடக் குறைய. லேப் 160 என்றால் மீட்டர் 136 முதல் 184 வரை காட்டலாம். 178 சரிதான். லேபும் தவறலாம். சாதாரணக் குழாயில் செல்களைப் பிரிக்காமல் கிடக்கும் ரத்தத்தில் அவை சர்க்கரையைத் தின்பதால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும்.

வித்தியாசம் அதற்கும் மேலே போனால், பெரும்பாலும் கைதான் காரணம். மாம்பழம் நறுக்கிய விரலில் ஒட்டிய சாறு, நல்ல அளவையும் 200க்கு மேலே கொண்டுபோய்விடும். சானிடைசர் அதை எடுக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போகும். விரலின் பக்கவாட்டில் குத்துங்கள், வலியும் குறைவு. சொட்டு வரவில்லை என்று பிழியாதீர்கள். கையைத் தொங்கவிட்டு உதறினால் வரும்.

அடுத்தது ஸ்ட்ரிப், அதாவது ரத்தச் சொட்டை வைக்கும் பட்டை. டப்பா மூடியைத் திறந்தே வைப்பது, வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் போடுவது, ஃப்ரிட்ஜில் வைப்பது, மூன்றுமே அதைக் கெடுக்கும். திறந்த தேதியைப் பேனாவால் டப்பாவில் எழுதுங்கள். சில வகைகளுக்குத் திறந்த பின் மூன்று மாதம்தான் ஆயுள். சந்தேகம் இருந்தால் கன்ட்ரோல் சொல்யூஷன் (சர்க்கரை அளவு தெரிந்த சோதனைத் திரவம்) ஒரு சொட்டு விட்டு, டப்பாவில் அச்சிட்ட வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மீட்டர்கள் கூடுதலாகவே காட்டும். வயிற்றுவழி டயாலிசிஸில் ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த திரவம் பயன்படுத்துவோருக்கு இன்னும் ஆபத்து: அது உடலில் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாக உடையும், சில வகை ஸ்ட்ரிப்கள் அதையும் குளுக்கோஸாக எண்ணிவிடும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உண்மையான சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும். 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை எச்சரித்தது.

வியர்த்து, கை நடுங்கும்போது (சர்க்கரை இறங்கியதன் அறிகுறி) மீட்டர் 95 என்று காட்டினாலும் உடம்பை நம்புங்கள். கையைக் கழுவி மறுபடி பாருங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து இன்னொரு முறை. லான்செட்டையும் (விரலில் குத்தும் ஊசி) குத்தும் பேனாவையும் வீட்டுக்குள்கூடப் பகிரக் கூடாது. ஹெபடைடிஸ் பி அப்படியும் பரவும்.