நடுவில் இருந்த 45

சக ஊழியர் ஒருவர் எழுதிய கோடைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் அந்த கோட் ரிவ்யூவில் நான் சொன்னது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

கமாவால் பிரித்த எண்களைப் பிடிக்க அவர் பைத்தானில் எழுதிய ரெஜெக்ஸ் பேட்டர்ன் (எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடும் குறியீடு) இது: ([0-9]+)(?:,([0-9]+))*. டெஸ்டில் 12,45 கொடுத்திருந்தார், இரண்டும் வந்தன. 12,45,78 கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு அடைப்பு பிடித்துத் தருவதைத்தான் குரூப் என்பார்கள், ?: போட்ட அடைப்பு கணக்கில் வராது. முதல் குரூப்பில் 12, இரண்டாவதில் 78. எல்லாம் பொருந்தியது என்கிறது, 45 மட்டும் எங்கும் இல்லை.

“பொருந்தினதை ஏன் தூக்கிப் போடுது? டாட்நெட்ல எல்லாமே கிடைக்குமே” என்றார். டாட்நெட் என்பது மைக்ரோசாஃப்ட்டின் புரோகிராமிங் தளம்.

“பைத்தான்ல கடைசியா பிடிச்சதுதான் நிக்கும். சரிபார்க்க மட்டும் பேட்டர்னை வச்சுக்கிட்டு, அப்புறம் கமாவுல ஸ்ப்ளிட் பண்ணி, தனித்தனியா பிரிச்சிடுங்க.”

பேட்டர்ன் திரும்பத் திரும்பப் பொருந்தும் ஒவ்வொரு சுற்றிலும் பிடித்ததைச் சேர்த்து வைக்கும் வெளி லைப்ரரி ஒன்று பைத்தானுக்கு உண்டு என்றும் சொன்னார். ஒரு வரிக்காக அது வேண்டாம் என்றுவிட்டேன்.

பதிலில் பிழையில்லை. ஒரு குரூப்புக்கு ஒரு இடம்தான். குவான்டிஃபையர், அதாவது எத்தனை முறை என்று சொல்லும் + அல்லது * குறி, அடைப்புக்கு வெளியே இருந்தால், ஒவ்வொரு சுற்றும் அதே இடத்தில் பழையதை அழித்துப் புதியதை எழுதும். 2024 என்பதில் ([0-9])+ கடைசி 4-ஐ மட்டும் தரும், ([0-9]+) முழுவதையும் தரும். பைத்தான் ஆவணத்திலேயே இது இருக்கிறது.

ஆனால் அவர் கேட்டது “ஏன்” என்று. நான் சொன்னது “எப்படி” என்பதை மட்டும். டாட்நெட் எல்லாச் சுற்றையும் வைத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு வழி: (?:(1)|(2))* என்பதை (1 அல்லது 2, திரும்பத் திரும்ப) 12-இல் ஓட்டினால், இரண்டாம் சுற்று தொடங்கும்போதே முதல் குரூப்பைக் காலி செய்துவிடும். பைத்தானில் அந்த 1 அப்படியே நிற்கும். ஆக இது ரெஜெக்ஸின் இயல்பே இல்லை, பேட்டர்னை ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு இன்ஜினையும் எழுதியவர்கள் எடுத்த முடிவு. அதை இயற்கை விதி மாதிரி நான் சொன்னேனோ என்றுதான் உறுத்துகிறது.

சரி, வேலைக்கு ஸ்ப்ளிட்தான் நல்லது. படிப்பவருக்குப் புரியும், புதிய லைப்ரரியையும் சுமக்க வேண்டாம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் இப்போதெல்லாம் அவர் ஒரே குரூப்பில் முடிகிற வேலைக்கும் ஸ்ப்ளிட்தான் போடுகிறார், ஏன் என்று கேட்பதுமில்லை.