உருளைக்கிழங்கை அழுகவைக்கும் நொதி

மூட்டையில் ஒரு உருளைக்கிழங்கு அழுகினால் போதும், இரண்டு மூன்று நாளில் பக்கத்தில் இருப்பதும் கொழகொழவென்று ஆகிவிடும், அந்த நாற்றம் லேசில் போகாது. இந்த அழுகலை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றுக்கு எர்வினியா கிரைசாந்தமி என்று பெயர், இப்போது டிக்கேயா என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். செல்லோடு செல்லை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை, அதாவது நீண்ட சர்க்கரைச் சங்கிலியை, வெட்டும் நொதிகளை இது வெளியே அனுப்புகிறது. பசை போனால் கிழங்கு தானாகக் குழைந்துவிடும்.

அந்த நொதிகளில் ஒன்றுதான் பெக்டேட் லையேஸ் சி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் மர்லின் யோடர், நோயல் கீன், ஃபிரான்சிஸ் ஜுர்னாக் மூவரும் இதன் படிக அமைப்பை எக்ஸ்-கதிரால் கண்டறிந்து 1993-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அதுவரை எந்தப் புரதத்திலும் பார்த்திராத மடிப்பு! புரதச் சங்கிலி ஸ்பிரிங் போலச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது, ஒரு சுற்றுக்குச் சராசரியாக 22 அமினோ அமிலங்கள், ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்கு மேல் ஏறக்குறைய 5 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) உயரத்தில் உட்காருகிறது. சுற்று வட்டமாகவும் இல்லை, மூன்று பீட்டா தகடுகள் (சங்கிலியின் நேரான துண்டுகள் பக்கம் பக்கமாக ஒட்டிய பரப்புகள்) சேர்ந்த ஒரு கோணல் உருவம். உள்ளே எட்டிப் பார்த்தால் இன்னும் அழகு: அமினோ அமிலங்களிலிருந்து கிளைபோல நீளும் பக்கச் சங்கிலிகளில் ஒரே வகையானவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன, ஓரிடத்தில் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலங்கள் ஏணிப்படி போல வரிசையாக நிற்கின்றன. அடுத்த ஆண்டே ஒரு வைரஸின் வால் புரதத்திலும் இதே வகைச் சுருள் தெரியவந்தது.

சரி, வெட்டுவது எப்படி? நொதி வேலை செய்துகொண்டே இருந்தால் அது சர்க்கரைச் சங்கிலியைப் பிடித்திருக்கும் கோலத்தைப் படிகத்தில் பார்க்க முடியாது, அதற்குள் வெட்டி முடித்துவிடும். அதனால் ஆய்வாளர்கள் புரதச் சங்கிலியில் 218-ஆம் இடத்தில் இருக்கும் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை மட்டும் லைசின் என்ற வேறொன்றாக மாற்றினார்கள். இரண்டுமே நேர்மின் சுமை கொண்டவை, ஆனால் அந்த ஒரு மாற்றத்திலேயே வெட்டும் வேலை நின்றுபோனது, பிடி மட்டும் விடவில்லை. இந்த முடிவு 1999-இல் வந்தது. எனக்கு இந்த ஆராய்ச்சி முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான், நொதியை நடுவேலையில் அப்படியே நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள்.

பெரும்பாலான சர்க்கரை வெட்டும் நொதிகள் ஒரு தண்ணீர் மூலக்கூறைச் சேர்த்துத்தான் பிணைப்பை உடைக்கும், லையேஸ் அப்படியில்லை, ஒரு புரோட்டானைப் பிடுங்கியே காரியத்தை முடித்துவிடும். பிடுங்குவது அந்த அர்ஜினின்தான் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. இந்த நொதி வேலை செய்யக் கால்சியமும் வேண்டும்; அந்தப் படிகப் படத்தைப் பார்க்கும்வரை கால்சியம் எதற்கு என்று கேட்டால் நொதிக்கு ஒரு துணை என்ற அளவில்தான் நானும் படித்திருந்தேன். படத்தில் இருப்பது நான்கு கால்சியம் அயனிகள். பெக்டேட்டும் (பெக்டினின் ஒரு வடிவம், இந்த நொதி வெட்டும் சர்க்கரைச் சங்கிலி) எதிர்மின் சுமை கொண்டது, அதைப் பிடிக்கும் பள்ளத்தில் இருக்கும் அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலங்களும் எதிர்மின் சுமை கொண்டவை, இரண்டும் ஒன்றையொன்று தள்ளத்தான் பார்க்கும். நடுவில் கால்சியம் நின்று இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை என்று இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது.